கடலுக்குச் சொந்தமான இடம்

முருகைக்கல்லைப் பற்றி யாராவது என்னிடம் பேச்செடுத்தால் எனக்கு முதலில் வருவது கொட்டாவிதான். கடலில் வளரும் பவளம் செத்துக் கல்லாகிப்போனால் எங்கள் தீவில் அதற்கு முருகைக்கல் என்று பெயர். வீட்டுச் சுவர் அது, கிணற்றுச் சுற்று அது, சுட்டால் சுண்ணாம்பும் அது. பிறந்ததிலிருந்து காலில் குத்தும் பொருளைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆச்சரியப்படுவதற்கென்றே ஒருவர் வெளியூரிலிருந்து வந்தார். அவர் வந்து போனதால்தான் எங்கள் வீடு போயிற்று என்று என் வீட்டுக்காரர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் மறுத்து வாதாடவும் இப்போது எனக்குத் தெம்பில்லை.

தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில், வடக்குக் கரையோரம் இருந்தது எங்கள் குடியிருப்பு. வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல் என்பார்கள். ஆண்டில் முக்கால்வாசி நாள் வடக்குக் கடலுக்கு அந்தப் பெயர் பொருந்தும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால், இப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தேடத் தோன்றும்.

கரையை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில், ஒரு நீளக் கல்திட்டு இருந்தது. கடலுக்குள் இருக்கும் கல்திட்டைப் பார் என்போம். இது தண்ணீருக்கு வெளியே மேட்டில் இருந்ததால் மேட்டுப்பார். அதன் மேல் கருவாடு காயும், வலை காயும், சண்டை போட்ட பெண்டுகள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பின்னால் ஒரே வரிசையாக வீடுகள். கிழக்குக் கோடியில் இருந்தது எங்களுடையது. இரண்டு அறை, ஓர் அடுப்படி, நல்ல தண்ணீர் ஊறும் ஒரு கிணறு. அந்தக் கரையில் நல்ல தண்ணீர்க் கிணறு வைத்திருப்பவள் மகாராணி. நான் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என் வீட்டுக்காரர் வள்ளத்தில் தொழிலுக்குப் போவார். மூன்று பிள்ளைகள், கடைசியது இடுப்பில். அந்த வயதில் என்னை யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருந்தால், தூக்கம் வருகிறது என்றுதான் பதில் சொல்லியிருப்பேன்.

ஜமீன் போய், நிலத்தையெல்லாம் அரசாங்கம் புதிதாக அளந்துகொண்டிருந்த நேரம் அது. சங்கிலி பிடித்து அளக்கிறவர்கள் ஒருமுறை வந்து போயிருந்தார்கள். அடுத்து பெரிய அதிகாரி வந்து, யார் வீட்டுக்குப் பட்டா, எது புறம்போக்கு என்று முடிவு சொல்வார் என்றிருந்தது. எங்கள் வரிசையில் ஒருவரிடமும் காகிதம் கிடையாது. பாட்டன் இருந்தான், அப்பன் இருந்தான், நாங்கள் இருக்கிறோம், அவ்வளவுதான் ஆதாரம். தலையாரி அதே வரிசையில் குடியிருந்தவர். ஊருக்குள் தாலுகா ஆபீஸின் காதும் வாயும் அவர்தான். அவர் ஒரு நாள் கிணற்றடியில் நின்று சொன்னார்: “கடல் தொடுற எடமெல்லாம் கடல் புறம்போக்காம். அங்கன வீடு இருந்தா எந்திரிச்சுப் போயிரணுமாம்.”

அன்றிலிருந்து எல்லார் வாயிலும் புறம்போக்கு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் அந்தச் சொல்லால் திட்டிக்கொண்டு அடிபட்டார்கள். என் வீட்டுக்காரர் இரவில் புரண்டு புரண்டு படுத்தார். கிணறு தோண்டும்போது அவருடைய அய்யா கையில் காயம்பட்டுச் சீழ் பிடித்துத்தான் செத்தார். அந்தக் கிணற்றை விட்டுப் போவதென்றால் அவருக்கு அய்யாவை இரண்டாம் முறை புதைப்பது மாதிரி.

இந்த நிலைமையில்தான் கல் ஆபீசர் வந்து இறங்கினார். பெயர் நாங்கள் வைத்ததுதான். காவேரிக் கரைக்காரர், மண்ணும் பாறையும் படித்தவர். கையில் அளவு நாடா, முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் பித்தளைக் கருவி, சுத்தியல், ரம்பம். நாடாவைப் பார்த்ததுமே ஊர் சுருண்டுவிட்டது. இவர் சர்வே ஆள் இல்லை என்று பங்குச் சாமியார் பூசையிலேயே சொன்னார். சர்வே ஆள் இல்லாதவன் எதற்கு வாசலை அளக்கிறான் என்று வெளியே வந்து பேசிக்கொண்டார்கள்.

கற்களைப் பரப்பி வைக்க அவருக்குப் பள்ளிக்கூடத்தைக் கொடுத்தார்கள். என்னையும் முப்பது பிள்ளைகளையும் பூவரச மரத்தடிக்கு விரட்டினார்கள். எனக்கு அவர் மேல் முதல் எரிச்சல் அதுதான். ஆனால் மனிதர் தங்கமானவர். வெயிலில் முட்டி போட்டு, மேட்டுப்பாரில் ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்து, உதவிக்கு வந்த ஆளிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார்: “நிற்கிறதா, கிடக்கிறதா?”

பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஒருவனை ஒருவன் தள்ளிவிட்டு, நிக்குதா, கெடக்குதா என்று கூவினார்கள். நான் போய் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

“அம்மா, புயல் தூக்கி எறிந்த கல்லாக இருந்தால் தாறுமாறாகக் கிடக்கும். இங்கே பாருங்கள், கவிழ்த்த சோற்றுப் பானை மாதிரி உருண்டை மேலே, அடி கீழே. முளைத்த இடத்திலேயே நிற்கிறது. பவளப் பூச்சி தண்ணீருக்கு வெளியே வளராது. அப்படியானால், இது வளர்ந்தபோது கடல் இதற்கு மேலே இருந்திருக்கிறது.”

“அப்பறம் எறங்கிப் போச்சா?”

“இறங்கிப் போயிற்று. எவ்வளவு என்றுதான் அளக்கிறேன்.”

இன்னொரு நாள் ஒரு கல்லைக் குறுக்கே அறுத்துப் பலகைபோல ஆக்கி, தண்ணீரில் நனைத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துக் காட்டினார். பெரிய வெங்காயத்தை அறுத்தால் தெரிவதுபோல வரி வரியாக இருந்தது. ஆண்டுக்கு ஒரு வரி என்றார். தண்ணீர் வெதுவெதுப்பாகவும் தெளிவாகவும் இருந்த ஆண்டில் வரி அகலம். குளிர்ந்து போனாலோ, பெருமழை மண்ணை அடித்துக்கொண்டு வந்து கலக்கினாலோ வரி மெலிந்துவிடும். இந்தக் கல்லின் தூளை ஆராய்ந்து அன்றைய கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்லும் கருவிகூட வெளிநாட்டில் வந்துவிட்டது, தன்னிடம்தான் இல்லை என்று ஏங்கினார். மனிதன் ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் பெய்த மழையும் அடித்த வெயிலும் இதற்குள் இருக்கிறதாம்.

ஓரிடத்தில் நூல்போல ஒரு வரி இருந்தது. விரல் வைத்துக் காட்டி, “அந்த ஆண்டு இதற்குச் சோறு சரியாகக் கிடைக்கவில்லை,” என்றார். பள்ளிக்கூடம், வீடு, கைப்பிள்ளை, தூங்காத புருஷன் என்று நானும் அப்படி ஒரு வரியில்தான் இருந்தேன். கல்லைப் பார்த்து அழுதேன் என்று யாரிடம் சொல்ல முடியும்? முந்தானையால் துடைத்துக்கொண்டு, மரத்தடிக்கு வந்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன்.

ஊர் சந்தேகப்படுகிறது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. எல்லாரையும் கூட்டி ஒரு முறை விளக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்றார். கையில் அந்த அறுத்த பலகை. ஆணும் பெண்ணும் வெயிலைக்கூடப் பார்க்காமல் நின்றார்கள். அவர் நல்ல தமிழில், மேடைப் பேச்சுபோலப் பேசினார்.

“பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், உலகத்தின் குளிர்ந்த பகுதிகளில் பனி உருகியதால், கடல் இன்று இருப்பதைவிட உயர்ந்திருந்தது. நீங்கள் வீடு கட்டியிருக்கும் இந்த இடம் முழுவதும் கடலுக்குச் சொந்தமாக இருந்தது. அதற்கு இந்தக் கல்லே சாட்சி!”

கடைசி வாக்கியத்தை அழுத்திச் சொல்லிவிட்டு, எல்லார் முகத்திலும் வியப்பை எதிர்பார்த்துச் சிரித்தார். எல்லாரும் திரும்பித் தங்கள் வீட்டு வரிசையைப் பார்த்தார்கள். உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, அந்த மனிதர் வாயில் சொந்தமும் சாட்சியுமா வந்து விழ வேண்டும்? காகிதம் இல்லாத ஊரில் சொல்லக்கூடிய சொற்களா அவை? அவருக்கு அது தெரியாது. திங்கட்கிழமை பெட்டி நிறையக் கல்லோடு, வாடை முடிந்ததும் மறுபடி வருகிறேன் என்று ரயிலேறிப் போய்விட்டார். அந்தப் பலகையை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லி என்னிடம் விட்டுப் போனார்.

அன்று மாலையே தலையாரி வீட்டு முன்னால் கூட்டம்.

“ஆபீசரே வாயால சொல்லிட்டாரு,” என்றார் தலையாரி. அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. அவர் வீடும் அதே வரிசைதானே. “கடலுக்குச் சொந்தம்னா அப்பறம் என்ன? கடல் புறம்போக்குதான். சாட்சி கல்லுன்னு வேற காட்டிட்டுப் போயிருக்காரு. பெரிய ஆபீசர் வந்தா மொதல்ல அதத்தான் பாப்பாரு.”

நான் எழுந்து சொன்னேன். “அது ரொம்பக் காலத்துக்கு முந்துன கதைங்க. ஆதாம் ஏவாள் காலம் மாதிரி. சர்வேக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

பக்கத்து வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்னோடு ஒரே கிணற்றில் தண்ணீர் இறைப்பவள். “டீச்சர், நீங்க எங்கன போனாலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். நாங்க எங்கன போவோம்?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

கல் இருந்தால்தானே சாட்சி? கல்லே இல்லாமல் செய்துவிட்டால்? யார் முதலில் சொன்னது என்று இன்றுவரை தெரியாது, ஊரே சேர்ந்து சொன்ன மாதிரிதான் இருந்தது. பாம்பன் பக்கம் சுண்ணாம்பு சுடும் காளவாய் வைத்திருந்த ஒருவர் மேட்டுப்பாரை உடைத்துக் கொடுங்கள் என்று பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வலை காயப்போட இடம் வேண்டாமா என்று இவர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது இவர்களே ஆள் அனுப்பி, வண்டியோடு வா, சும்மாவே எடுத்துக்கொண்டு போ என்றார்கள். அந்த ஆள் அப்படி ஒரு அதிர்ஷ்டத்தைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். “நம்ம வாசலுக்கு நேரா இருக்குறத மட்டுமாச்சும் விட்டுருங்களேன்.”

“ஏ புள்ள, ஊருக் கல்லெல்லாம் போயி ஒன் கல்லு மட்டும் நின்னா, அது நம்ம வீட்டுக்கு மட்டுந்தான் சாட்சி சொல்லும். நம்ம மட்டும் கெணத்த விட்டுட்டு எந்திரிச்சுப் போகவா?”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லி அவரைத் தடுக்க வேண்டும் என்று அவரே ஆசைப்பட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. நானும் யோசித்தேன். அவர் சொன்னதில் ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. பிள்ளை அழுதது. பிள்ளையோடு படுத்தேன். உடம்பெல்லாம் அப்படி ஓர் அலுப்பு.

மறுநாளிலிருந்து கடப்பாரைச் சத்தம். ஆண்கள் உடைத்தார்கள், பெண்கள் சும்மாடு வைத்து வண்டிக்குச் சுமந்தார்கள். வெளியே கருத்துக் கிடந்த கல் உள்ளே பிட்டு மாதிரி வெள்ளையாக இருந்தது. பிளந்த இடத்தில் ஈர உப்பு வாடை அடித்தது. ஒரு பெரிய உருண்டை சரியாகப் பாதியாகப் பிளந்து, வரிகளைக் காட்டிக்கொண்டு என் வாசலில் ஒரு பகல் முழுக்கக் கிடந்தது. நின்றதெல்லாம் கிடந்தது. சாயங்காலம் அதையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

காளவாய்க்காரர் நன்றியோடு கோயிலுக்குச் சுண்ணாம்பு அனுப்பினார். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோயிலும் எங்கள் வீடுகளும் அடித்த வெள்ளை பாம்பன் பாலத்தில் ரயிலில் போகிறவர்களுக்குக்கூடத் தெரிந்ததாம். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

கோடையில் பெரிய அதிகாரி வந்தார். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்பைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், எத்தனை தலைமுறையாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். மேட்டுப்பார் இருந்த இடத்தில் நின்று இளநீர் குடித்தார். கரையிலிருந்து தள்ளித்தானே வீடுகள் இருக்கின்றன, என்ன பயம் என்றார். அத்தனை வீட்டுக்கும் பட்டா கிடைத்தது. கல் இல்லாததால்தான் கிடைத்தது என்று ஊர் நம்பியது. என் வீட்டுக்காரர் பட்டாவை மாதா படத்துக்கு முன்னால் வைத்து, முழங்காலில் நின்று அழுதார். அந்த இரவு அவர் நன்றாகத் தூங்கினார். கல்யாணமானதிலிருந்து அவரை அப்படி ஒரு தூக்கத்தில் நான் பார்த்ததில்லை. குறட்டையைக் கேட்டுக்கொண்டே நானும் தூங்கிப்போனேன்.

பட்டா கிடைத்த அந்த வருஷ வாடையில் தண்ணீர் வாசல்வரை வந்தது. முன்பெல்லாம் அலை மேட்டுப்பாரில் மோதி, நுரைத்து, திரும்பிப் போய்விடும். இப்போது மோத எதுவும் இல்லை. வாசல் மணலை அரித்தது. இந்த வருஷம் வாடை ஜாஸ்தி என்றார்கள். அடுத்த வாடையில் கிணறு உப்பாகிவிட்டது. ஒரு காலை நான் இறைத்து வாயில் ஊற்றியபோது தெரிந்தது. துப்பிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவளும் குடத்தைச் சாய்த்துக் கீழே கொட்டினாள். அதற்கடுத்த வாடையில் கடல் பக்கத்துச் சுவர் சரிந்தது, பிறகு அடுப்படி, பிறகு கிணற்றுச் சுற்று. வரிசை முழுக்க ஒவ்வொன்றாக. தலையாரி வீடுதான் கடைசி. தீவைப் புரட்டிப்போட்ட பெரிய புயலுக்கு அப்போது இன்னும் சில ஆண்டுகள் இருந்தன, அதனால் அதன் தலையில் பழியைப் போடவும் வழியில்லை. கோயிலுக்குப் பின்னால் மேட்டில் சாமியார் இடம் கொடுத்தார், ஓலைக் குடிசை போட்டுக்கொண்டோம். பிறகு நல்ல தண்ணீருக்கு நான் தூரமாக நடக்க வேண்டியிருந்தது. மகாராணி பட்டம் போயிற்று.

வாடை முடிந்ததும் வருகிறேன் என்று போன கல் ஆபீசர் பல வாடை கழித்துத் திரும்பி வந்தபோது என் கைப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவருக்குத் தலை நரைத்திருந்தது. கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, வழி தவறினவர் மாதிரி பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

“அம்மா, அந்தக் கல்வரிசை எங்கே?”

கூட்டிக்கொண்டு போய்க் கோயில் சுவரைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. சுவரில் கை வைத்தார். உள்ளங்கையில் வெள்ளையாக ஒட்டியது. அப்போது புரிந்துவிட்டது. கையை உதறவில்லை.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்டார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் பேசிய பேச்சு, அந்தச் சொல், தலையாரி வீட்டுக் கூட்டம், எல்லாம். சொல்லும்போது குரலில் கோபம் வரட்டும் என்று பார்த்தேன், வரவில்லை.

“கடலுக்குச் சொந்தம் என்றா சொன்னேன்?” என்றார்.

“சொன்னீங்க.”

அவருக்கு நினைவில்லை. எனக்கு அதுதான் வலித்தது. எங்கள் ஊரே ஒரு சொல்லில் போயிருந்தது. சொன்னவருக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு. அவர் விட்டுப்போன பலகையைப் பள்ளிக்கூடக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன். அதை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

போகிற வழியில் எங்கள் குடிசை. என் வீட்டுக்காரர் வெளியே உட்கார்ந்து வலைக்குக் கண் போட்டுக்கொண்டிருந்தார். கல் ஆபீசர் பக்கத்தில் போய் நின்று, தயங்கி, “உங்கள் வீடு அந்தக் கல்லுக்கு நேர் பின்னால்தானே இருந்தது?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. வலை ஊசியாலேயே கடலைக் காட்டினார்.

“அந்தா அல ஒடையுதுல்ல, அதுக்கு அங்கிட்டு அடுப்படி. இங்கிட்டு கெணறு.” வலையில் ஒரு கண்ணை முடிந்து இழுத்து இறுக்கிவிட்டுச் சொன்னார்: “ஐயா ஒண்ணும் வெசனப்படாதீக. அது புறம்போக்கு இல்ல. பட்டா நெலம்.”